கிரைம் என்பது குற்றமல்ல

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

ரேஷன் அட்டை, பள்ளிச் சேர்க்கை, குடிசைக் கணக்கெடுப்பு என்று எத்தனையோ கவலைகள் இருக்க, சங்கத்தின் கூட்டத்தில் பாட்டைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. வருகிற பொங்கல் விழாவில் தங்களுக்கு அரை மணி நேரம் தரவேண்டும், ராப் பாடவேண்டும் என்று நம் இளைஞர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். செயற்குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. "கெட்ட வார்த்தை, கத்தி, கஞ்சா, இதுதானே அந்தப் பாட்டு? நம் மேடையில் ஏற்றலாமா?" என்றனர் சிலர். "நம் பிள்ளைகள் எதைக் கேட்கிறார்கள் என்று நாமும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே" என்றனர் வேறு சிலர். ஆகவே கேட்டோம். புதிதாக வருகிற பாட்டுகளையும், பிள்ளைகள் போட்டுக் காட்டிய பழைய பாட்டுகளையும் கேட்டோம். அவற்றைப் பற்றிய நமது கருத்தை உங்கள் முன் வைக்கிறோம். முடிவு உங்களுடையது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். இலண்டனில் பிறந்த ராப் வகை ஒன்றுக்கு 'கிரைம்' என்று பெயர். நம் எழுத்தில் ககரம் ஒன்றே. ஆங்கிலத்தில் குற்றம் என்று பொருள்படும் சொல்லையும், அழுக்கு என்று பொருள்படும் சொல்லையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். இந்தப் பாட்டின் பெயர் இரண்டாவது சொல். விரலிடுக்கிலும் சுவரிலும் படிந்து, தேய்த்தாலும் போகாத அழுக்கு அது. தோல் பதனிட்ட கைகளுக்கும், எஞ்சின் எண்ணெயில் ஊறிய கைகளுக்கும் அதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாகவே பார்த்தவர்கள் இலண்டனிலும் இருந்தார்கள். அவர்கள் காவல்துறையினர்.

எங்கே பிறந்தது?

கிழக்கு இலண்டனில் போ என்று ஒரு பகுதி உண்டு. அங்கே நகராட்சி கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஜமைக்காவிலிருந்தும், கானாவிலிருந்தும், நைஜீரியாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்த ஜன்னல்களிலிருந்து பார்த்தால் 1991இல் கட்டி முடித்த கேனரி வார்ஃப் வங்கிக் கோபுரம் தெரியும். கண்ணுக்கு எட்டிய அந்தப் பணம் கைக்கு எட்டவில்லை. தாராவியில் நின்று பாந்திரா–குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களைப் பார்க்கிற நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

2002ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பிள்ளைகள் மலிவான கணினியிலும், விளையாட்டுப் பெட்டியிலும் தாளம் கட்டினார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 தட்டு. அதன்மேல் மூச்சு விடாமல் பேச்சு. வானொலி அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மொட்டை மாடிகளில் கம்பி கட்டித் திருட்டு வானொலி நடத்தினார்கள். 1994இல் அப்படித் தொடங்கிய ரின்ஸ் எஃப்.எம். நிலையத்துக்கு 2010இல்தான் உரிமம் கிடைத்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான சிலிம்சி, அந்த வட்டாரத்துக் கட்டடங்களின் கூரைமேல் ஏறக்கூடாது என்று 2005இல் தடை வாங்கினார். பாட்டுக்காகக் கூரை ஏறத் தடை! இப்படியும் ஓர் ஆணை உலகத்தில் இருந்தது.

போவில் பிறந்த டிஸ்ஸி ராஸ்கலைத் தாய் தனியே வளர்த்தார். பள்ளிகள் அவரை வெளியே தள்ளின. ஓர் இசை ஆசிரியர் மட்டும் பள்ளிக் கணினியை அவர் கையில் கொடுத்தார். 2003இல், பத்தொன்பது வயது நிரம்புவதற்கு முன்பே, அவருடைய முதல் இசைத்தொகுப்பு பிரிட்டனின் மெர்க்குரி பரிசைப் பெற்றது. ஓர் ஆசிரியர் திறந்துவிட்ட கதவு அது. நம் மாலைப் பள்ளியில் பாடம் சொல்லித்தரும் தோழர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

ஒருவரையொருவர் சொல்லால் மடக்கும் போட்டியும் இந்தப் பாட்டில் உண்டு. அதைக் கேட்டு நம் பெரியவர்கள் முகம் சுளிக்க வேண்டியதில்லை. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று லாவணியில் விடிய விடியக் கேள்வியும் பதிலுமாக மோதியவர்கள் யார்? கூத்தில் ராஜாவை எதிரில் வைத்துக்கொண்டே கேலி பேசிய கட்டியக்காரன் யார்? தப்பும் பறையும் மட்டமென்று ஒதுக்கியவர்களின் வாயிலிருந்து வந்த அதே சொற்களை, இன்று நம் பிள்ளைகளின் பாட்டைப் பார்த்து நாமே சொல்லலாமா?

காவல்துறை கண்ட குற்றம்

2005இல் இலண்டன் மாநகரக் காவல்துறை '696' என்று எண்ணிட்ட படிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. இசை நிகழ்ச்சி நடத்துவோரும் பாடுவோரும் தம் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் முன்கூட்டியே அதில் எழுதித் தரவேண்டும். எந்த வகைப் பாட்டு என்று எழுதவேண்டும். கேட்க வருகிறவர்கள் எந்த இனத்தவர் என்றுகூட முதலில் கேட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பின்பே அந்தக் கேள்வியை எடுத்தார்கள். படிவமே 2017 நவம்பரில்தான் கைவிடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள்!

அதோடு நிற்கவில்லை. டிரில் என்னும் இன்னொரு வகை ராப் பாடுகிற ஸ்கெங்டோ, ஏ.எம். என்ற இருவருக்கு 2019 ஜனவரியில் ஒன்பது மாதச் சிறைத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக, விதிக்கப்பட்டது. மேடையில் ஒரு பாட்டைப் பாடி, அதன் மூலம் தங்கள் மீதிருந்த தடையாணையை மீறினார்கள் என்பதே வழக்கு. டிரில் பாட்டுகளில் கத்திக்குத்துப் பெருமை இருப்பது உண்மை. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் அங்கே இருப்பதும் உண்மை. அந்தப் பெருமையை நாம் ஏற்கவில்லை. ஆனால் குத்தியவனைப் பிடிப்பது வேறு, பாடியவனைப் பிடிப்பது வேறு. வேலையும், இளைஞர் மன்றமும், படிப்பும் தராத அரசு பாட்டை நிறுத்தினால் கத்தி நின்றுவிடுமா?

ஊர் பேரைக் கேட்டதும் சந்தேகப் பார்வை பார்க்கிற காவலரை நம் பிள்ளைகளும் அறிவார்கள். தாராவி இளைஞர்களின் 'டோப்அடெலிக்ஸ்' குழு, அம்மா மேல் ஆணை, சாகேப், அது நானில்லை என்று பொருள்படும் தலைப்பில் மராத்தியில் ஒரு பாட்டு வெளியிட்டது. காவலரிடம் சிக்கும் தெருப் பிள்ளையின் நிலையே அதன் பொருள். அந்தக் குழுவின் பெயரில் போதை இருப்பதை நாம் விரும்பவில்லை, சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பாட்டிலே இருக்கும் நடுக்கம் நம் வீட்டு நடுக்கம். அந்தக் குழுவினர் 2018இல் வந்த 'காலா' படத்திலும் பாட்டெழுதினார்கள்.

மூன்று கேள்விகள்

புதிய பாட்டு வாரந்தோறும் வருகிறது. எல்லாவற்றையும் புகழவும் முடியாது, இகழவும் முடியாது. எனவே ஒவ்வொரு பாட்டிடமும் நாம் மூன்று கேள்விகள் கேட்டோம். ஒன்று: இதில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது? இரண்டு: இது யாரைத் திட்டுகிறது? மேலே இருப்பவனையா, கீழே இருப்பவளையா? மூன்று: இதன் காசு யாருக்குப் போகிறது?

டாட்டன்ஹாமில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஸ்கெப்டா 2014இல் 'தட்ஸ் நாட் மீ' என்ற பாட்டை வெளியிட்டார். அதன் படத்துக்கு ஆன செலவு 80 பவுண்டு என்று சொன்னார்கள். அவ்வாண்டின் மோபோ விருதுகளில் சிறந்த படத்துக்கான பரிசு அதற்கே கிடைத்தது. விலை உயர்ந்த உடுப்பு நானல்ல என்று உதறுவதே பாட்டின் சாரம். மறு ஆண்டு வந்த 'ஷட்டவுன்' பாட்டின் நடுவே, கறுப்புடை அணிந்த இளைஞர்களை மேடையில் கண்டு அஞ்சியதாக முறையிடும் ஒரு சீமாட்டியின் குரலை அப்படியே வைத்தார். வேறு பதிலே சொல்லவில்லை. அந்த முறையீடே பதிலாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நம் ஆதரவு உண்டு.

டேவ் என்னும் பாடகர் 2017இல் 'குவெஸ்சன் டைம்' என்ற பாட்டில், பிரதமரையும் எதிர்க்கட்சித் தலைவரையும் பெயர் சொல்லி நிறுத்திக் கேள்வி கேட்கிறார். செவிலியர் ஊதியம், போர், கிரென்ஃபெல் தீ விபத்து எல்லாம் அதில் உண்டு. 2017 ஜூன் 14இல் எரிந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மாண்டவர்கள் 72 பேர். 2018 பிப்ரவரியில் பிரிட் விருது மேடையில் ஸ்டார்ம்சி, கிரென்ஃபெல் மக்களுக்கான பணம் எங்கே என்று பிரதமர் தெரசா மேயைப் பாட்டாகவே கேட்டார். மறுநாள் பிரதமர் அலுவலகம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனை மனு கொடுத்தாலும் அசையாத அலுவலகங்களைப் பார்த்திருக்கிற நமக்கு இதன் மதிப்புத் தெரியும்.

இனி மறுபக்கம். டேவும் சென்ட்ரல் சீயும் சேர்ந்து 2023 ஜூனில் 'ஸ்பிரிண்டர்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். பிரிட்டனில் பத்து வாரம் முதலிடத்தில் நின்றது. சொல் அடுக்கு அருமை. கிதார் காதில் நிற்கிறது. ஆனால் வண்டி, பணம், பெண்கள் என்று கணக்குப் பார்ப்பதே பாட்டாகிவிட்டது. 'குவெஸ்சன் டைம்' எழுதிய அதே கை இதையும் எழுதியது. கேட்கலாம், ஆடலாம், ஆனால் நம் மூன்று கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

நம் நாட்டிலிருந்து 2024 ஜூலையில் வந்த 'பிக் டாக்ஸ்' பாட்டை இங்கே எல்லாப் பிள்ளைகளும் பாடுகிறார்கள். மலப்புறத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஹனுமன்கைண்ட் பாடியது. அமெரிக்கப் பாட்டு வரிசையில் 23ஆம் இடம் வரை ஏறியது. வார்த்தைகள் பெரும்பாலும் வீறாப்பு, வசையும் உண்டு. ஆனால் அதன் படத்தைப் பாருங்கள். திருவிழாத் திடலில் மரணக் கிணறு. பலகைச் சுவரில் வண்டி ஓட்டும் தொழிலாளிகள். அவர்களில் ஒரு பெண். உயிரைப் பணயம் வைத்துக் கூலி வாங்குகிறவர்களின் முகத்தை உலகம் பார்த்தது. பாட்டின் சொல்லைவிடப் படம் நல்லது என்பது நமது கருத்து.

பெண்களைப் பற்றி

தாய்மார்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. "எங்களை இழிவாகப் பேசும் பாட்டை எங்கள் மகனே பாடினால் நாங்கள் கை தட்டவேண்டுமா?" வேண்டாம். தட்டவே வேண்டாம். ராப் பாட்டுகளில் பெரும்பகுதி இந்தக் குற்றத்தைச் செய்கிறது. அதே சமயம், நம் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டுகளையும் அதே காதோடு கேளுங்கள். அளவுகோல் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

பெண்களே எழுதிப் பாடுவதும் உண்டு. மிஸ் டைனமைட் 2002இல் 'இட் டேக்ஸ் மோர்' என்ற பாட்டில், துப்பாக்கியையும் நகையையும் காட்டிப் பெருமையடிக்கிற ஆண் பாடகர்களை நேருக்கு நேர் கண்டித்தார். அவ்வாண்டின் மெர்க்குரி பரிசு அவருடைய தொகுப்புக்கே. நைஜீரியப் பெற்றோரின் மகளான லிட்டில் சிம்ஸ் 2022இல் அதே பரிசை வென்றார். அவருடைய 'வுமன்' பாட்டு பல நாட்டுப் பெண்களைப் போற்றுகிறது. இந்தப் பாட்டுகளை நம் பெண்பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தலாம்.

நம் இனத்துப் பெண் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர். 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, அகதியாக இலண்டன் திரும்பியவர். 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில், குடியேறி வந்தவன் பணம் பறிக்க வந்தவன் என்ற பழியையே எடுத்து நையாண்டி செய்தார். அது 2008இல் அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காம் இடம் பெற்றது. வந்தேறி என்ற வசையை 1960களில் இந்த நகரத் தெருக்களில் கேட்ட குடும்பங்களுக்கு அந்த நையாண்டியின் கசப்புப் புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாட்டு நல்லது என்பதால் பாடியவர் சொல்வதெல்லாம் நல்லதாகிவிடாது. கிரைம் இசையின் தந்தை என்று பெயரெடுத்த வைலி 2020இல் யூதர்களைப் பழித்து எழுதினார். 2018இல் பெற்ற அரசு விருது 2024இல் பறிக்கப்பட்டது. இனவெறுப்பால் அடிபட்டவன் வாயிலிருந்து இன்னொரு இனத்தின் மீது வெறுப்பு வந்தால், அதையும் நாம் கண்டிக்கத்தான் வேண்டும். இந்த மேடையில் எந்தச் சாதியையும், மதத்தையும், எந்த மாநிலத்துத் தொழிலாளியையும் பழிக்கிற பாட்டுக்கு இடமில்லை.

காசு எங்கே போகிறது?

2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யை அறியாத வீடு இல்லை. அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமின்றித் திரும்பிய அவருடைய பாட்டியின் தலைமுறைதான் அந்தப் பாட்டின் வேர். கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டினால் தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று இசையமைத்த சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். நிலமற்றவர்களின் பாட்டுக்கே இந்தக் கதியென்றால், நாளைக்கு முதல் பாட்டைப் போடப்போகிற நம் பையனின் கதி என்ன?

இளைஞர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டில் 1,000 தடவைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் காசு தருவதில்லை. செல்பேசியில் பாட்டு ஏறிவிட்டது என்பதாலேயே கூலி வந்துவிடாது. மறுபுறம், நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. சினிமாவில் சேர்ந்த பாட்டானாலும், தனிப்பாட்டானாலும், பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அந்த உரிமையை எழுதி வாங்கிக்கொள்ள எந்த நிறுவனத்துக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே ஒப்பந்தம் என்று யாராவது தாள் நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆலை வாசலில் வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிய காலம் போதும். அது ஒலிப்பதிவு அறைக்குள் திரும்பி வரவேண்டாம்.

பாட்டில் வந்த காசைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கும் முன்மாதிரி உண்டு. ஸ்டார்ம்சி 2018 முதல் ஆண்டுக்கு இரண்டு கறுப்பின மாணவர்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் படிக்கவைக்க உதவித்தொகை தொடங்கினார். அதே ஆண்டில் இளம் எழுத்தாளர்களுக்காகப் பதிப்பகப் பிரிவு ஒன்றையும் தொடங்கினார். சங்கிலி வாங்குவது மட்டும்தான் வெற்றி என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டும்.

நமது பரிந்துரை

முடிவாகச் செயற்குழு உங்கள் முன் வைக்கும் கருத்து இது. பொங்கல் மேடையில் இளைஞர்களுக்கு அரை மணி நேரம் தரலாம். "பாட்டை முன்கூட்டியே எழுதித் தரட்டும், பாடுகிற பையன்களின் பெயரும் முகவரியும் வாங்கி வைப்போம்" என்று ஓர் ஆலோசனை வந்தது. அதை நாம் ஏற்கவில்லை. மெல்லிசைக் குழுவிடமும், பட்டிமன்றப் பேச்சாளரிடமும் கேட்காததை இவர்களிடம் மட்டும் கேட்டால், அது நமது 696ஆம் படிவம் ஆகிவிடும். மேடைக்கு விதி வேண்டும். அந்த விதி எல்லோருக்கும் பொதுவாக வேண்டும். பெண்களை இழிவுபடுத்தாதே, போதையைப் புகழாதே, எந்த மக்களையும் பழிக்காதே. இந்த மூன்றும் சினிமாப் பாட்டுக்கும் பொருந்தும், ராப் பாட்டுக்கும் பொருந்தும், மேடையில் பேசும் எங்களுக்கும் பொருந்தும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். போவில் பிறந்தவன் போவைப் பாடினான். அதனால்தான் உலகம் கேட்டது. அவன் தெருவையும், அவன் துப்பாக்கியையும் நீங்கள் இரவல் வாங்கவேண்டாம். உங்களுக்குச் சொல்ல இல்லையா? நாலு மணிக்கு எழுந்து இட்லி அவித்துக் கூடையில் சுமக்கிற அம்மா இருக்கிறாள். தோல் கிடங்கில் முதுகு வளைந்த தாத்தா இருக்கிறார். வீட்டை இடித்துக் கட்டித் தருகிறோம், நீ எந்த ஆண்டுக்கு முன் வந்தாய், தாள் காட்டு என்று கேட்கிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். மராத்தியும் இந்தியும் திருநெல்வேலித் தமிழும் கலந்த உங்கள் வாய்ப்பேச்சு வேறு எந்த ஊரிலும் கிடையாது. அதைப் பாடுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று முன்வரிசையில் வந்து உட்காருங்கள். புரியாவிட்டால் புரியவில்லை என்று பாடி முடித்த பிறகு அவர்களிடமே கேளுங்கள். நம் பிள்ளை என்ன சொல்கிறான் என்பதைக் காவல் நிலையத்தில் போய்க் கேட்பதைவிட, நம் மேடையில் கேட்பது நல்லது.

இனி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். ஆதரவையும் எதிர்ப்பையும் கேட்டு, கை தூக்கி முடிவு செய்வோம்.